மேலெழும்பிய அரை நிமிடத்தில் விமானம் விழுவது போல் இருக்கிறதே, ஏன்? பறக்கும் பயத்தை எப்படிச் சமாளிப்பது?

மழைத்துளி:

ஆறு வாரத்தில் நான்கு மணி நேர விமானப் பயணம் ஒன்று இருக்கிறது, தள்ளிப்போட முடியாது. விமானம் பாதுகாப்பானது என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்புதான் கேட்க மாட்டேன் என்கிறது. எல்லா நேரமும் பயம் இல்லை. மூன்று இடங்களில் மட்டும் தாங்க முடிவதில்லை.

ஒன்று, தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று குறையும். அடிவயிறு காலியாகும், விமானம் மூக்கைக் கவிழ்ப்பது போல் இருக்கும். அப்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டு, குலுக்கல். 'ஏர் பாக்கெட்'டில் விழுந்தால் எவ்வளவு தூரம் விழும்? இறக்கை மேலும் கீழும் ஆடுகிறதே, அது எந்த அளவு வரை சரி?

மூன்று, கதவைச் சாத்தியதும் வரும் மூச்சுமுட்டல். நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது.

"ஆழமாக மூச்சு விடு", "மாத்திரை போட்டுத் தூங்கு", "வேறு எதையாவது நினை" என்ற மூன்று யோசனைகளும் நிறையக் கேட்டாயிற்று. காரணத்தோடு விளக்கக்கூடியவர்கள் யாராவது, இந்த ஆறு வாரத்தில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.


இறக்கைநுனி:

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். மூன்றாவதை மனநலம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சத்தம் குறைவது கோளாறு இல்லை. விமானி திட்டமிட்டுச் செய்வது அது. ஓடுபாதையில் 30 முதல் 40 விநாடி ஓடி, மூக்கைச் சுமார் 15 டிகிரி தூக்கி ஏறும்போது எஞ்சின் முழு உந்துவிசையிலோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். பெரும்பாலும் 1000 முதல் 1500 அடி உயரத்துக்குள், அதாவது எழும்பி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள், அதை ஏறுவதற்கான அளவுக்குக் குறைப்பார்கள். அதையடுத்து மூக்கைச் சில டிகிரி தாழ்த்தி வேகத்தைக் கூட்டி, இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருந்த ஃபிளாப் என்ற பலகைகளை மோட்டாரால் உள்ளே இழுப்பார்கள். சத்தம் குறைவது, மூக்கு தாழ்வது, மோட்டார் முனகுவது மூன்றும் சேர்ந்து வருவதால்தான் ஏதோ நின்றுவிட்டது என்று தோன்றுகிறது. அந்த நேரத்திலும் விமானம் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் விழும் உணர்வு எங்கிருந்து வருகிறது? உங்கள் காதுக்குள்ளிருந்து. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் முதல் கேள்வியின் முழு விடையும் இதில் இருக்கிறது. உள்காதில் கூழ் போன்ற ஒரு படலம் உண்டு. அதன்மேல் மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கும், அடியில் மெல்லிய மயிரிழை போன்ற நரம்புச் செல்கள் இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் படிகங்கள் பின்பக்கம் சரிந்து மயிரிழைகளை வளைக்கும், 'சாய்ந்திருக்கிறோம்' என்று மூளைக்குத் தகவல் போகும். வேகமாக முன்னால் தள்ளப்படும்போதும் அதே படிகங்கள் அதே பக்கம்தான் சரியும். சாய்வா, வேகமாற்றமா என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. வெளியே பார்க்கிற கண்தான் அதைப் பிரித்துச் சொல்லும். எழும்பி வேகம் கூட்டிக்கொண்டே ஏறும்போது 15 டிகிரி சாய்வு, அதைவிட ரொம்பச் செங்குத்தாகத் தெரியும். உந்துவிசையைக் குறைத்ததும் படிகங்கள் முன்னால் திரும்பும். மூளை அதை 'மூக்கு கவிழ்கிறது' என்று படித்துவிடுகிறது. விமானிகளுக்கும் இதே ஏமாற்றம் வரும். அதனால்தான் கருவியை நம்பு, உடம்பை நம்பாதே என்று அவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நீங்களும் அதையே செய்யலாம். முன்னிருக்கையின் திரையில் பயண வரைபடம் இருந்தால் உயரம் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். வயிறு 'விழுகிறோம்' என்று சொல்லும் அதே நொடியில் அந்த எண் கூடிக்கொண்டிருக்கும். திரை இல்லையென்றால் சக்கரம் தரையை விட்ட கணத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். சில விநாடிகளில் காலடியில் காற்று இரைந்து 'தடம்' என்று ஒரு சத்தம் வரும், அது சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடுவது. பிறகு 30 முதல் 60 எண்ணுவதற்குள் சத்தம் குறையும். எதிர்பார்த்துக் காத்திருந்த சத்தம் திடுக்கிட வைப்பதில்லை.

மற்றச் சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைக் கிளப்பும்போது ஏசி காற்று நின்று விளக்கு ஒரு கணம் மினுக்கும். காற்றை எஞ்சின் சுழற்றத் திருப்பிவிடுகிறார்கள், மின்சாரமும் வால்பகுதியில் உள்ள துணை எஞ்சினிலிருந்து முதன்மை எஞ்சினுக்கு மாறுகிறது. ஏ320 வகை விமானத்தில் தரையில் இருக்கும்போது காலடியில் நாய் குரைப்பது போல, ரம்பம் அறுப்பது போல விட்டுவிட்டுக் கேட்கும். ஒரு ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்குப் பகிரும் கருவியின் சத்தம் அது. ஓடுபாதையில் 'டக் டக்' என்று வருவது நடுக்கோட்டு விளக்குகள்மீது முன்சக்கரம் ஏறுவதால். இறங்கத் தொடங்கும்போது எஞ்சின் கிட்டத்தட்ட அமைதியாகிவிடும், அது மிதந்து இறங்குவதற்காக. இடையில் விமானம் கரகரவென்று அதிர்ந்தால் இறக்கையின் மேல் தடுப்புப் பலகைகள் எழுந்திருக்கின்றன என்று பொருள். தரை தொட்டதும் வரும் பேரிரைச்சல் எஞ்சின் காற்றை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைப்பது. தரைக்கு அருகில் வந்து திடீரென்று மறுபடி முழு இரைச்சலுடன் மேலே ஏறினால் அது 'கோ-அரவுண்ட்'. ஓடுபாதை காலியாகவில்லை, காற்று ஒத்துவரவில்லை என்பது போன்ற காரணங்களுக்காக விமானி பத்திரமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த நேரம் விமானி அறையில் வேலை அதிகம், அதனால் அறிவிப்பு வர ஓரிரு நிமிடம் ஆகும். அந்த மௌனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இனி குலுக்கல். 'ஏர் பாக்கெட்' என்று காற்றே இல்லாத பள்ளம் ஒன்று வானத்தில் கிடையாது. மேலே போகும் காற்றும் கீழே வரும் காற்றும் அடுத்தடுத்து இருக்கின்றன, விமானம் அவற்றைக் குறுக்கே கடக்கிறது. நூற்றுக்கணக்கான அடி விழுந்தது போலத் தோன்றும் குலுக்கலில்கூட உயரம் மாறுவது பெரும்பாலும் சில அடிகள் முதல் சில பத்தடிகள் வரைதான். நேரில் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பாட்டிலில் பாதியளவு தண்ணீர் வைத்து, மூடியை இறுக்கி, மடிமேசையில் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் உண்மையிலேயே விழுந்தால் தண்ணீர் எடையிழந்து அடியை விட்டு மேலே எழும். நீங்கள் பார்க்கப்போவது பாட்டிலின் அடியிலேயே கிடந்து அலம்பும் தண்ணீரைத்தான்.

இறக்கை ஆட வேண்டும், ஆடாத இறக்கைதான் முறியும். ஒரு பயணிகள் விமானம் தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய உச்சபட்ச சுமையைக் கணக்கிட்டு, அதைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த உச்சபட்ச சுமையே சாதாரண எடையைப் போல 2.5 மடங்குக்குக் குறையக் கூடாது. லேசானது என்று வகைப்படுத்தப்படும் குலுக்கலில் மாற்றம் 0.5 மடங்குக்கும் கீழே. 1995இல் போயிங் 777இன் இறக்கையை முறியும் வரை வளைத்துச் சோதித்தார்கள். அது முறிந்தது உச்சபட்ச சுமையின் 154 சதவீதத்தில். அப்போது இறக்கை நுனி சுமார் 7 மீட்டர் மேலே வளைந்திருந்தது. சன்னல் வழியாக நீங்கள் பார்க்கும் ஆட்டத்தை இதனோடு வைத்துப் பாருங்கள்.

குலுக்கலில் உண்மையான ஆபத்து ஒன்றுதான்: பெல்ட் போடாமல் இருப்பது. காயம்படுபவர்களில் பெரும்பாலோர் நின்றுகொண்டிருந்தவர்கள் அல்லது பெல்ட்டைக் கழற்றியவர்கள். பெல்ட் விளக்கு அணைந்தாலும் கழற்ற வேண்டாம். வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின்மீது தாழ்வாக, விரல் நுழையாத அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். பெல்ட் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் உடம்பு இருக்கையை விட்டுக் கொஞ்சம் எழும், அந்த இடைவெளியே 'விழுகிறோம்' என்ற உணர்வைப் பெரிதாக்கும். இருக்கை தேர்வு செய்ய முடிந்தால் இறக்கைக்கு நேராக வாங்குங்கள். விமானம் ஊஞ்சல் பலகை போல் நடுவை மையமாக வைத்து ஆடுகிறது, வால்பகுதியில்தான் ஆட்டம் அதிகம். காலை விமானமும் நல்லது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கீழ் உயரத்துக் காற்று கொதிக்கத் தொடங்கும்.

எஞ்சின் நின்றுவிட்டால் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடுபாதையில் மிக மோசமான தருணத்தில் ஒன்று நின்றாலும் மற்றொன்றால் மேலே ஏற முடிய வேண்டும், இல்லையென்றால் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு அனுமதியே கிடையாது. ஏ350 ஒரே எஞ்சினில் 370 நிமிடத் தொலைவு வரை பறக்கச் சான்று பெற்றது. இரண்டுமே நின்றாலும் விமானம் கல் போல் விழாது. 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் மேல் எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சினும் நின்ற ஏ330 ஒன்று சுமார் 19 நிமிடம் மிதந்தே போய் அசோர்ஸ் தீவில் தரையிறங்கியது. அதில் இருந்த 306 பேரும் உயிர் பிழைத்தார்கள்.


ஜன்னலோரம்:

அருமையான விளக்கம். கூடவே புள்ளிவிவரமும் பாருங்கள். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி 2023இல் சுமார் 3.7 கோடி விமானப் பயணங்கள், உயிரிழப்பு விபத்து 1. 2024இல் 4 கோடிக்கு மேல், உயிரிழப்பு விபத்து 7. இந்த இரண்டில் மோசமான ஆண்டிலும் அரை கோடிக்கு மேல் பயணங்களுக்கு ஒன்று என்றுதான் வருகிறது. குலுக்கல் முன்னறிவிப்புச் செயலிகளும் இருக்கின்றன. கிளம்பும் முன் பாதையைப் பார்த்து வைத்துக்கொண்டால் மனசு தயாராகிவிடும்.


தெளிமனம்:

புள்ளிவிவரத்தை ஒருமுறை படிப்பதில் தவறில்லை. செயலியைப் பற்றி மட்டும் நான் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பயத்தை வளர்ப்பதே அந்த மாதிரிப் பழக்கம்தான். பயம் கேட்பது 'எத்தனை சதவீதம்?' என்று இல்லை, 'இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்வாயா?' என்று. அந்த உறுதியை யாராலும் தர முடியாது. பத்து முறை முன்னறிவிப்பைப் பார்த்தால் பத்து முறையும் 'இது பார்த்தே ஆக வேண்டிய ஆபத்து' என்றுதான் மூளை பாடம் கற்கும். விமானப் பணியாளர் முகத்தை நொடிக்கொருதரம் பார்ப்பது, கைப்பிடியை இறுக்குவது, விபத்துச் செய்திகளைத் தேடிப் படிப்பது எல்லாம் இதே வகை. இறக்கைநுனி சொன்னதை ஒருமுறை நன்றாகப் படித்து, ஒரு தாளில் குறித்து, மடித்து வைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி திறக்காதீர்கள்.

மழைத்துளி சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு பயங்கள் கலந்திருக்கின்றன. விமானம் விழுந்துவிடும் என்பது ஒன்று. உள்ளே மாட்டிக்கொண்டேன், எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தகவல் உதவும். இரண்டாவதற்குத் தகவலால் பெரிய பயன் இல்லை, அது உங்கள் உடம்பின் உணர்வுகளைப் பற்றிய பயம். இதைப் பிரிக்காமல் ஒரே மருந்தைத் தேடுவதால்தான் பலருக்கு எதுவும் பலிப்பதில்லை.

விரல் மரத்துப்போவதும் கிறுகிறுப்பும் எப்படி வருகின்றன? பயத்தில் உடம்புக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாக மூச்சு விடுகிறீர்கள். இரத்தத்தில் கார்பன் டையாக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நரம்புகள் கூச்சமடைகின்றன. ஆக்சிஜன் குறையவில்லை, ஆனால் 'மூச்சு போதவில்லை' என்ற உணர்வு வருகிறது. உடனே இன்னும் பெரிதாக இழுக்கிறீர்கள், நிலைமை மோசமாகிறது. 'ஆழமாக மூச்சு விடு' என்ற யோசனை பலிக்காததற்கு இதுதான் காரணம். தேவை ஆழம் இல்லை, மெதுவும் குறைவும்தான். வாயை மூடி மூக்கால் 4 விநாடி சாதாரண அளவில் இழுங்கள், 6 விநாடி மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு. ஒரு கையைத் தொப்புள் மேல் வையுங்கள், அசைய வேண்டியது அதுதான், தோள் இல்லை. செய்யும்போது தலை சுற்றினால் அளவு அதிகம் என்று பொருள், இன்னும் சிறிதாக எடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடுவது வேண்டாம், அதில் ஆபத்து உண்டு.

இதை விமானத்தில் முதன்முதலாகச் செய்தால் வராது. இன்றிலிருந்து தினம் இருவேளை, வேளைக்கு 10 நிமிடம், பயம் இல்லாத நேரத்தில் பழகுங்கள்.

அடுத்தது ஆறு வாரத் திட்டம். இதற்குப் பெயர் எக்ஸ்போஷர், அதாவது பயப்படும் விஷயத்தையே படிப்படியாக எதிர்கொள்வது. சிபிடி என்ற சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் முதுகெலும்பு இது. பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டுக்கொண்டு, 30 அளவில் இருக்கும் விஷயத்தில் தொடங்கி மேலே போக வேண்டும்.

முதல் வாரம் ஒலி மட்டும். கதவு மூடுவதிலிருந்து மேலெழும்பிப் பத்து நிமிடம் வரையிலான கேபின் ஒலிப்பதிவை, நேராக நிமிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் ஒரு பெல்ட்டோ துணியோ கட்டி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒருமுறை கேட்டு நிறுத்த வேண்டாம், 30 முதல் 40 நிமிடம் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். இரண்டாவது வாரம் சன்னலோரக் காணொளி, கடைசி நாட்களில் குலுக்கல் காணொளி.

மூன்றாவது வாரம் உங்களுக்கு மிக முக்கியமானது, பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். உடம்பின் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விட்டால் விரல் மரக்கும், தலை கிறுகிறுக்கும். ஒரு நிமிடம் படியேறினால் நெஞ்சு அடிக்கும். சுழல் நாற்காலியில் அரை நிமிடம் சுற்றினால் தலை சுற்றி வயிறு புரட்டும். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக ஒரு நிமிடம் மூச்சு விட்டால் மூச்சுமுட்டல் வரும். ஒவ்வொன்றும் முடிந்ததும் எதையும் செய்து அதை அடக்காமல், தானாக இறங்கும் வரை உட்கார்ந்திருங்கள். நாளுக்கு மூன்று நான்கு சுற்று. இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. உங்கள் இதயம் பரிசோதிக்கப்பட்டுவிட்டதால் அந்தக் கவலை இல்லை, மற்றவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரம் விமான நிலையத்துக்கே போய், பயணிகள் அல்லாதவர்கள் இருக்கக்கூடிய பகுதியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஐந்தாவது வாரம், செலவு முடிந்தால், ஒரு மணி நேரத்துக்குள்ளான குறும்பயணம் ஒன்று. முடியாதென்றால் விஆர் (மெய்நிகர்க் காட்சி) கண்ணாடி வைத்துச் சிகிச்சை தரும் இடத்தைத் தேடுங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான உளவியலாளர் பார்பரா ராத்பாம் குழுவின் ஆய்வில் விஆர் முறையும் நேரடி விமான நிலையப் பயிற்சியும் ஒரே அளவில் பலன் தந்தன. ஆறாவது வாரம் புதிதாக எதுவும் வேண்டாம், பழகியதையே தொடருங்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன்.' உதாரணமாக, 'தலை சுற்றினால் மயங்கி விழுவேன், 80.' முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பயம் குறைந்ததா என்பது இரண்டாம்பட்சம். நினைத்தது நடக்கவில்லை என்று உடம்பு கண்டுகொள்வதுதான் பாடம்.

எங்கே தவறும் என்றும் சொல்கிறேன். பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் எழுந்துவிடுவதுதான் பெரிய தவறு. அப்போது மூளை கற்பது 'ஓடியதால் பிழைத்தேன்' என்பதை. பானிக் அட்டாக் என்ற திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு அதன்பின் இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்க்கும் வரை இருக்கையில் இருங்கள். இன்னொன்று, மூச்சுப் பயிற்சியைப் பயத்தை விரட்டும் ஆயுதமாக்குவது. நிமிடத்துக்கு ஒருமுறை 'போய்விட்டதா?' என்று பார்த்தால் போகாது.


மழைத்துளி:

ரொம்ப நன்றி. பயம் இரண்டு வகை என்பது இதுவரை யாரும் சொல்லாதது. மூன்று சந்தேகம் மிச்சம் இருக்கிறது. கேபினில் காற்று தீர்ந்துபோகாதா? பறக்கும்போது யாராவது கதவைத் திறந்துவிட்டால்? குறும்பயணத்துக்கு மட்டும் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?


இறக்கைநுனி:

காற்று அடைந்து கிடப்பதில்லை. வெளிக்காற்று தொடர்ந்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மணிக்கு 20 முதல் 30 முறை, அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று முழுதும் மாறுகிறது. அழுத்தம் 6000 முதல் 8000 அடி மலைமேல் இருப்பது போல் வைத்திருப்பார்கள். ஈரப்பதம் மட்டும் குறைவு, 20 சதவீதத்துக்கும் கீழே போகும். தொண்டை காய்வதை மூச்சுமுட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் போதும். ஆக்சிஜன் முகமூடி 12 நிமிடம் அளவுக்குத்தான் வரும் என்று படித்துப் பயப்படுபவர்கள் உண்டு. விமானம் 10,000 அடிக்கு இறங்க அதைவிடக் குறைவான நேரமே ஆகும், அங்கே முகமூடி தேவையில்லை.

கதவு: பறக்கும் உயரத்தில் உள்ளழுத்தம் வெளியைவிடச் சதுர செ.மீ.க்கு அரை கிலோவுக்கு மேல் அதிகம். ஒன்றரைச் சதுர மீட்டர் கதவில் அது சுமார் 8 டன். பெரும்பாலான கதவுகள் திறக்கும் முன் கொஞ்சம் உள்ளே வர வேண்டும். 8 டன்னை எதிர்த்து அதை உள்ளே இழுக்க எந்த மனிதனாலும் முடியாது.


மருந்துப்பெட்டி:

மாத்திரை பற்றி. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை பதற்றத்தைக் குறைக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தெளிமனம் சொன்ன பயிற்சியோடு அவை ஒத்துப்போகாது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில் பறக்கும் பயமுள்ள 28 பெண்களில் ஒரு பகுதியினருக்கு அல்பிரசோலமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் பயணத்தில் மருந்து எடுத்தவர்கள் 'பயம் குறைவு' என்றார்கள், ஆனாலும் இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் அவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தன. ஒரு வாரம் கழித்து மருந்தில்லாமல் பறந்தபோது அவர்களுக்குப் பானிக் அட்டாக் அதிகமாக வந்தது, வெற்று மாத்திரைக்காரர்களுக்குக் குறைந்தது. 'சமாளித்தது நான் இல்லை, மாத்திரை' என்று மூளை எழுதிக்கொள்வதுதான் காரணம் என்று புரிந்துகொள்ளலாம். எனவே குறும்பயணத்துக்கு, குறிப்பாக அதற்கு, வேண்டாம்.

தவிர்க்க முடியாத அவசரப் பயணம் என்றால் மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். முதல் அளவை விமானத்தில் சோதிக்காதீர்கள். சிலருக்கு அமைதிக்குப் பதில் குழப்பமும் எரிச்சலும் வரும், அதை முன்கூட்டியே வீட்டில் ஒரு விடுமுறை நாளில் தெரிந்துகொள்ள வேண்டும். மதுவோடு சேர்க்கவே கூடாது, இரண்டும் சேர்ந்து மூச்சை மட்டுப்படுத்தும். அசையாமல் மணிக்கணக்கில் தூங்கினால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. வெளிநாட்டுக்கு என்றால் மருந்துச் சீட்டும் அசல் அட்டையும் கையில் இருக்கட்டும், சில நாடுகளில் இவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. நெஞ்சுப் படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் பிராப்ரனலால் தருவார்கள், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது.

பலரும் கவனிக்காத ஒன்று காபி. அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அது தரும் படபடப்புக்கும் பயத்தின் படபடப்புக்கும் உடம்பால் வித்தியாசம் சொல்ல முடியாது. விமானம் ஏறுவதற்கு எட்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், பசியின் நடுக்கமும் அதே போல்தான் இருக்கும். வாந்தி உணர்வு தனி. பயணக் குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், ஏறிய பிறகு எடுத்தால் பலன் குறைவு.


தெளிமனம்:

மருந்துப்பெட்டி சொன்னதை ஆமோதிக்கிறேன். பயண நாளுக்கு மட்டும் சில வார்த்தை.

உங்களுக்கு மோசமான நேரம் கதவு மூடுவதிலிருந்து மேலெழும்பும் வரை, அது பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம். அதனால் நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். உள்ளே நுழையும்போதே பணியாளரிடம் ஒரே வரி: 'எனக்குப் பறக்கப் பயம், நடுவில் வந்து ஒருமுறை பேசினால் உதவியாக இருக்கும்.' அவர்களுக்கு இது தினமும் கேட்கும் வாக்கியம். பயத்தை மறைப்பதற்கு ஆகும் உழைப்பே பாதிப் பயம். இறங்கிவிடலாமா என்ற எண்ணம் வந்தால் கதவு மூடும் முன் முடிவெடுங்கள். அதன் பிறகு இறங்க நினைத்தால் விமானம் திரும்ப வர வேண்டும், உங்கள் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். அந்த எண்ணத்தையே தப்பிக்கும் வழியாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

உட்கார்ந்ததும் பாதங்களைத் தரையில் முழுதாகப் பதியுங்கள். கைப்பிடியை விடுங்கள், உள்ளங்கைகள் தொடைமேல் மேல்நோக்கி. இறுகிய உடம்பு ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே தலைக்குக் கடத்தும். குலுக்கல் வந்தால் வழக்கமாக எழுதாத கையால் ஒரு தாளில் ஏதாவது எழுதுங்கள். எழுத்து கோணலாக வரும், கவனம் அதிலேயே போகும். பயம் வந்தால் 'போ' என்று சொல்லாமல், 'வந்துவிட்டாயா, 70 இருக்கிறாய்' என்று எண் போட்டு அதே தாளில் நேரத்தோடு குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண். அந்த வரிசை ஏறி இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே தாளை எடுத்துப் போங்கள். வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் இன்னொரு பயணம் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. நீண்ட இடைவெளி விட்டால் பழைய பயம் கொஞ்சம் திரும்பும். அப்படித் திரும்பினால் முதல் வாரத்து ஒலிப்பதிவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் தடவை ஆறு வாரம் ஆகாது.